முதல் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டிபிள்: எந்த மாடல், எந்த ஆப்ஷன்கள்?

கேள்வி: இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டிபிள் முதன்முறையாக வாங்கப் போகிறேன். பெரிய இன்ஜின் மாடலை ஆப்ஷன் எதுவும் இல்லாமல் எடுப்பதா, சின்ன இன்ஜின் மாடலை எடுத்து மிச்சப் பணத்தில் ஆப்ஷன்களைச் சேர்ப்பதா? ஆப்ஷன் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பதில்:

சின்ன இன்ஜினை எடுங்கள். மிச்சப் பணத்தைக் கவனமாகப் பொறுக்கிய நான்கைந்து ஆப்ஷன்களில் போடுங்கள். இந்த வகையில் இரண்டு வண்டிகள் வைத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதல் வண்டியை கேட்டலாக்கைப் பார்த்து வாங்கினேன்: பெரிய இன்ஜின், 19 அங்குலச் சக்கரம், தாழ்த்திய சஸ்பென்ஷன், விலை உயர்ந்த ஸ்பீக்கர்கள். இரண்டாவதை, எது இருந்தால் இன்னும் ஒரு நாள் அதிகமாகக் கூரையைத் திறந்து ஓட்டுவேன் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கேட்டுத் தேர்ந்தெடுத்தேன். அதைத்தான் இன்றும் ஆசையோடு ஓட்டுகிறேன்.

முதலில் இன்ஜின். கூரை இல்லாத வண்டியில் 60 கிலோமீட்டர் வேகமே நல்ல வேகமாகத் தெரியும். காற்று, சத்தம், சாலையின் வாசனை எல்லாம் நேராக மேலே வந்து மோதுகின்றன. மூடிய காரில் 100-ல் கிடைக்கும் உணர்வு இதில் 70-லேயே வந்துவிடும். அதனால் கூடுதல் குதிரைத்திறனை முழுதாகப் பயன்படுத்தும் நேரம் நினைப்பதைவிடக் குறைவு. எடை குறைந்த வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். 2015-ல் ஜப்பானில் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5-இன் 1.5 லிட்டர் அடிப்படை மாடல் 990 கிலோதான். 130 சொச்சம் குதிரைத்திறன் என்று காகிதத்தில் படித்தால் குறைவாகத் தோன்றும். ஓட்டினால் அப்படித் தோன்றாது, ஏனென்றால் இன்ஜினை நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை விரட்ட முடிகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குதிரைத்திறன் மட்டும் கூடினால் விட்டுவிடலாம். சிலிண்டர் எண்ணிக்கையே மாறினால் நின்று யோசியுங்கள். 2025-ல் உற்பத்தி நின்ற போர்ஷே 718 பாக்ஸ்டரில் 2 லிட்டர் மாடலுக்கு 300, எஸ் மாடலுக்கு 350 குதிரைத்திறன். இரண்டுமே நான்கு சிலிண்டர் டர்போ. அந்த 50-க்காக நான் பணம் கொடுக்க மாட்டேன். ஆனால் அதே வண்டியின் ஜிடிஎஸ் 4.0 மாடலில் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. சத்தமும் வேறு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பதில் வரும் விதமும் வேறு. பிஎம்டபிள்யூ இசட்4-லும் இதே கதைதான்: 20ஐ, 30ஐ நான்கு சிலிண்டர், எம்40ஐ மட்டும் 3 லிட்டர் ஆறு சிலிண்டர். திறந்த வண்டியில் இன்ஜின் சத்தம் தினமும் காதில் விழும். கைக்கு எட்டும் என்றால் ஆறு சிலிண்டரை எடுங்கள்.

அடுத்து கூரை. துணிக் கூரையா, மடங்கும் உலோகக் கூரையா? நான் துணியின் பக்கம். உலோகக் கூரை கனம், அதுவும் வண்டியின் மேல்பக்கத்தில் இருக்கும் கனம். மடித்தால் டிக்கியையும் விழுங்கிவிடும். 2009-ல் வந்த இசட்4-ல் உலோகக் கூரை இருந்தது. மூடியிருக்கும்போது டிக்கி 310 லிட்டர், திறந்தால் 180. இரண்டு பேர் பெட்டியோடு கிளம்பும் நாளில், கூரையைத் திறக்க வேண்டும் என்றால் ஒரு பெட்டியை வீட்டில் விட வேண்டும். அடுத்த தலைமுறை இசட்4-ல் பிஎம்டபிள்யூ துணிக்கே திரும்பியது. அதில் கூரை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் டிக்கி 281 லிட்டர். நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் தினமும் உண்டு, வண்டி இரவெல்லாம் தெருவில் நிற்கும் என்றால் உலோகக் கூரைக்கு நியாயம் இருக்கிறது. மற்றபடி இன்றைய பல அடுக்குத் துணி நன்றாகவே சத்தத்தைத் தடுக்கிறது.

கூரை எந்த வேகம் வரை திறக்கும் என்பதையும் கேளுங்கள். பாக்ஸ்டரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே 9 விநாடியில் திறக்கலாம். எம்எக்ஸ்-5 துணிக் கூரைக்கு மோட்டாரே இல்லை. சிக்னலில் உட்கார்ந்தபடி ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம், அதுவும் வேகம்தான். ஆனால் அதே வண்டியின் உலோகக் கூரை கொண்ட ஆர்எஃப் மாடலில் ஏறக்குறைய நின்றால்தான் கூரை அசையும். லேசாகத் தூறல் வரும் நாளில், சட்டென்று மூட முடியும் என்ற தைரியம் இருந்தால்தான் திறக்க மனம் வரும்.

இப்போது சக்கரம். இங்கேதான் நான் மிகப் பெரிய தப்பு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரின் கூரையும் ஒரு எலும்புதான். அதை வெட்டி எடுத்தால், அடியில் எவ்வளவு பலப்படுத்தினாலும் உடம்பு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். மோசமான சாலையில் முன் கண்ணாடிச் சட்டமும் ஸ்டீயரிங்கும் லேசாக நடுங்குவது அதனால்தான். சக்கரம் பெரிதாக ஆக டயரின் பக்கச்சுவர் மெலிகிறது, குழியில் விழும் அடியை டயர் வாங்காமல் உடம்புக்கு அனுப்புகிறது. 718-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 18 அங்குலத்தில் முன் டயர் 235/45, அதாவது அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 45 சதவீதம், சுமார் 106 மில்லிமீட்டர். 20 அங்குலத்தில் 235/35, சுமார் 82. அந்த 24 மில்லிமீட்டர் ரப்பரைத்தான் அழகுக்காக இழக்கிறோம். என் முதல் வண்டியில் ஆறே மாதத்தில் டேஷ்போர்டு கிறீச்சிட ஆரம்பித்தது. இரண்டு வருடம் பொறுத்துவிட்டு 17 அங்குலச் சக்கரங்களை வாங்கி மாட்டினேன். அன்று மாலை ஓட்டியபோது வேறு காரில் உட்கார்ந்தது போல இருந்தது. சிறிய சக்கரத்தை எடுங்கள். பெரியது பார்க்க அழகு என்பது உண்மைதான், ஆனால் ஓட்டும்போது சக்கரம் உங்கள் கண்ணில் படாது.

சக்கரம் பின்னாளிலும் மாற்றக்கூடியது. மாற்றவே முடியாதவையும், மாற்றினால் பெரிய செலவு வைப்பவையும்தான் ஆர்டர் போடும்போது முக்கியம். அவற்றில் முதலிடம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலுக்கு. டிஃபரென்ஷியல் என்பது இன்ஜினின் இழுவையை இடது, வலது சக்கரங்களுக்குப் பங்கிடும் பாகம். வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறையும். சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அந்தச் சக்கரம் வீணாகச் சுழன்றுவிடும். லிமிடெட் ஸ்லிப் இருந்தால் வெளிச்சக்கரத்துக்கும் இழுவை போகும், வளைவிலிருந்து வண்டி நேராக, தெளிவாக வெளியே வரும். சில நாடுகளில் இது பெரிய இன்ஜினோடு மட்டும்தான் கிடைக்கிறது. மலைப்பாதையை விரும்பி ஓட்டுபவர் என்றால், இது ஒன்றுக்காகவே மேல் மாடலுக்குப் போகலாம், நான் மேலே சொன்னதை மீறியும். அப்புறம், கடினத்தை மாற்றிக்கொள்ளும் எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன். சாதாரண நிலையில் மென்மையாக இருக்கும் என்றால் எடுங்கள், வண்டியைத் தாழ்த்தும் வகை வேண்டாம். சீட்டும் முக்கியம். டீலரிடம் இருக்கும் வண்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா சீட்டும் சுகமாகத்தான் இருக்கும்.

சீட் சூடேற்றியும் காற்றுத் தடுப்பும் பட்டியலின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும், ஆனால் இரண்டும் பொக்கிஷம். திறந்த வண்டியில் குளிர் முன்னாலிருந்து வருவதில்லை. காற்று முன் கண்ணாடிக்கு மேலே ஏறிப் போய், சீட்டுக்குப் பின்னால் சுழன்று, கழுத்தில் வந்து அடிக்கிறது. தலைக்குப் பின்னால் ஒரு சின்ன வலையோ கண்ணாடித் தடுப்போ இருந்தால் அந்தச் சுழல் உடைந்துவிடும். மெர்சிடிஸ் இதற்காகவே 2004-ல் எஸ்எல்கே-யில் ஏர்ஸ்கார்ஃப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: தலை சாயும் இடத்திலிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று. காற்றுத் தடுப்பும் சூடான சீட்டும் வந்த பிறகு, குளிர்காலக் காலைகளில்கூட நான் கூரையைத் திறக்கிறேன். வெயில் அதிகம் உள்ள இடமென்றால் கறுப்பு லெதரைத் தவிர்த்து வெளிர் நிறமோ துணியோ பாருங்கள்.

பின்பக்க பார்க்கிங் சென்சாரையும் விட்டுவிடாதீர்கள். கூரை மூடியிருக்கும்போது பின்னால் ஒரு மூலை முழுதாக மறைந்துவிடும்.

வேண்டாதவை சுருக்கமாக: செராமிக் பிரேக் (ரேஸ் டிராக்குக்குப் போகாதவருக்குத் தேவையே இல்லை, டிஸ்க் மாற்றும் செலவு கண்ணைக் கட்டும்), விலை உயர்ந்த ஸ்பீக்கர்கள் (கூரை திறந்து 80-ல் போகும்போது வித்தியாசம் கேட்காது), கார்பன் ஃபைபர் அலங்காரம். விற்கும்போது இவற்றுக்குக் கொடுத்த பணத்தில் சிறு பகுதிதான் திரும்பும்.

கியர்? தினமும் நெரிசலில் நிற்பவர் ஆட்டோமேட்டிக் எடுப்பதில் தப்பே இல்லை. ஞாயிறு காலை ஓட்டத்துக்கு என்றால் மேனுவல், யோசிக்கவே வேண்டாம்.

டெஸ்ட் டிரைவை இரண்டு முறை கேளுங்கள். ஒருமுறை கூரை திறந்து, நீங்கள் வாங்க நினைக்கும் அதே அளவு சக்கரத்தோடு, உங்களுக்குத் தெரிந்த மோசமான சாலையில். இன்னொருமுறை கூரையை மூடி நெடுஞ்சாலையில், பக்கத்தில் வழக்கமாக வருபவரை உட்கார வைத்து. அவர் தலை கூரையில் இடிக்கிறதா, அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள்.