ஸ்வெட்டரைக் கழற்றாத ஆண்கள்: நீலகிரி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் குன்னூர்ப் பக்கம் மகளிர் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். பெண்களுக்கு பிரஷர், சுகர் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டேன்; ஆண்களுக்கான கட்டங்களில் பாதிக்கு மேல் வெறுமையாகவே கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் உயிர் ‘தேடி’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் மாலையில் லைன் வீட்டுக்கு (எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்புக்கு) நேரே திரும்பிவிடுவதால் உங்கள் கண்ணில் படுகிறார்கள். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்துக்கும் ஃபேக்டரி ஷிப்டுக்கும் போகும் ஆண்களோ வேலை முடிந்ததும் டீக்கடைக்குப் போய், இருட்டிய பிறகே வீட்டுக்கு வருகிறார்கள். நானும் ஆரம்ப காலத்தில் வாரநாள் காலையில் முகாம் நடத்திவிட்டு, வந்த ஆண்கள் எல்லோருமே அறுபதைத் தாண்டியவர்களாக இருக்கிறார்களே என்று வியந்தவன்தான்.

ஆகவே, பச்சைத் தேயிலை எடை போடும் ஷெட், ஜீப் ஸ்டாண்டு, ஞாயிற்றுக்கிழமை சலூன் ஆகிய இடங்களில், அவர்கள் எப்படியும் காத்திருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பரிசோதனை தேவை. சரிவில் மூட்டை சுமந்து ஏறி வந்தவருக்கு உடனே பிரஷர் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார வையுங்கள். டீ குடித்தோ பீடி பிடித்தோ அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

நம் மலைக்கே உரிய தவறு ஒன்று உண்டு. குளிருக்காக ஸ்வெட்டர் போட்டிருப்பவரிடம் “கையை மட்டும் மேலே ஏத்துங்கண்ணா” என்கிறோம். சுருட்டிய கம்பளி புஜத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அளவும் தவறாகும். ஸ்வெட்டரின் மேலேயே பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றுவதும் சரியில்லை. ஒரு கையை முழுதாக வெளியே எடுக்கச் சொல்லி, அதை நெஞ்சின் மட்டத்துக்கு ஏதாவதொன்றின் மேல் தாங்கலாக வைத்து, இரண்டு முறை அளவெடுங்கள். குளிரும் அளவைச் சற்று ஏற்றும் என்பதால், 140/90 என்று ஒருமுறை வந்ததை வைத்தே நோய் என்று சொல்லிவிடாமல் வேறொரு நாளும் பார்க்க வேண்டும். 180/110-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: பிரஷர் நார்மலாகிவிட்டது என்று என் கணவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். (கோத்தகிரி வாசகி)

பதில்: மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

கேள்வி: இந்தக் குளிரில் ‘கொஞ்சம் போட்டால்தான் உடம்பு தாங்கும்’ என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. மது, தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தோன்றுகிறதே தவிர, அந்த வழியாக உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். போதையில் பனி இரவில் சாலையோரம் படுத்துவிடுபவருக்கு அது உயிராபத்து. இதைச் சொல்லும் பணியாளர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவரிடம் “இன்றோடு விட்டுவிடுங்கள்” என்று சத்தியம் வாங்குவது நல்லெண்ணமாகத் தோன்றும்; ஆனால் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, நினைவுக் குழப்பம் வரக்கூடும். கோயிலில் கயிறு கட்டிய கையோடு வலிப்பு வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணையும் கொடுங்கள்.

கேள்வி: ஆண்களுக்கான கருத்தடை செய்துகொண்டால் கவாத்துக் கத்தி பிடிக்கும் பலம் போய்விடும் என்று எங்கள் ஹட்டியில் (கிராமத்தில்) பேசுகிறார்கள்.

பதில்: பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விந்தணு வரும் குழாய் மட்டுமே துண்டிக்கப்படுகிறது. ஹார்மோனும் ஆண்மையும் அப்படியே இருக்கும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, தையலின்றிச் சில நிமிடங்களில் செய்யப்படும் இது, பெண்களுக்கான அறுவையைவிட எளியது என்பதைக் கணவர்களிடம் தயங்காமல் சொல்லலாம். ஒரு வாரம் பளு தூக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து விந்தணு இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகும் வரை வேறு பாதுகாப்பு அவசியம். இதைச் சொல்லாமல் விட்டு, இடையில் கர்ப்பம் உண்டானால் பழி மனைவியின் மேல் விழும்.

கேள்வி: இதையெல்லாம் பெண்கள் பேசினால் ஆண்கள் கேட்பார்களா?

பதில்: பிரஷர், சுகர், இருமல் பற்றித் தாராளமாகக் கேட்பார்கள்; “அக்கா சொன்னா சரி” என்பவர்கள் நிறைய. அந்தரங்க விஷயங்களுக்கு ஆண் சுகாதார ஆய்வாளரை உடன் அழைத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரிடம், காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம் என்று முதலில் சொல்லுங்கள். கூலி போய்விடுமே என்று அஞ்சுபவரிடம், சளிக் குப்பியை நீங்களே கொண்டு சேர்ப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

கேள்வி: வாயில் புகையிலையை ஒதுக்கி வைக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது; வலி இல்லை. (கூடலூர் வாசகர்)

பதில்: வலி இல்லாததை நம்பாதீர்கள். வாய் முழுதாகத் திறக்கிறதா என்று அறிய, கண்ணாடி முன் நின்று, உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தாலும் முடியாவிட்டாலும் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலையை இன்றே நிறுத்துங்கள். அதற்குத் துணை வேண்டுமானால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.