பதினேழாம் நாளுக்குப் பிறகு – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். சீர்காழிக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் உங்கள் தளத்தில் வெளியான மோட்டார் கொட்டகைக் கதையை இரண்டு முறை படித்தேன். கணவர் இறந்த பிறகு நள்ளிரவில் வயலில் மோட்டார் ஓடுவதைக் கேட்கிற அந்தப் பெண் எனக்குப் புதியவள் அல்ல. என் அப்பா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அம்மா இன்றும் விடியற்காலையில் இரண்டு டம்ளர்களில் காப்பி ஆற்றுகிறார். திண்ணையில் அப்பாவின் இருமல் கேட்டதாக ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் அதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் அம்மாவை ஒரு கோடங்கியிடம் அழைத்துப் போனார். அன்றிலிருந்து அம்மா எதையும் சொல்வதில்லை.

என் கேள்விகள் இரண்டு. கதையில் வந்தது ஆவியா, அல்லது அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? இரண்டாவது, இப்படிப்பட்ட கதைகளில் கணவனை இழந்த பெண் ஏன் பைத்தியமாகவோ பிணமாகவோ மட்டுமே முடிகிறாள்? ஆடிப்பெருக்கு இரவில் அவள் ஆற்றில் இறங்குவதைப் படித்தபோது, என் அம்மாவுக்கு நீங்கள் முன்கூட்டியே ஒரு முடிவை எழுதி வைத்துவிட்டதாக நினைத்து அழுதேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, உங்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு என் கதைக்காக நான் வாதாடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதைக் கிழித்துவிட்டேன். இது பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு எழுதுவது.

கதையைப் படிக்காதவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வந்தாலும் எழுந்து, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் மோட்டாரைப் போடுகிற ஒரு விவசாயி மாசி மாதத்தில் இறந்துபோகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட, பதினேழாம் நாள் இரவில் வாசலில் செருப்பு மாட்டும் சத்தமும், சிறிது நேரத்தில் மோட்டார் ஓடும் சத்தமும் அவருடைய மனைவிக்குக் கேட்கின்றன. ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக ஓட்டியிருக்கும் என்கிறான் கொழுந்தன். அது புகைந்துபோய்த் தை மாதத்திலேயே அவர் கழற்றிவிட்டார் என்கிறாள் அவள். சித்திரை, வைகாசி முழுக்கச் சத்தம் கேட்கிறது. ஆனி மாதத்தில் மேட்டூர்த் தண்ணீர் கல்லணை கடந்து, நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாற்றில் வந்து சேர்கிறது. ஊரே மகிழ்கிறது. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பாயும்போது மோட்டாருக்கு வேலையில்லை. சத்தம் நின்றுவிடுகிறது. ஆடிப்பெருக்கு அன்று இரவு அவள் படித்துறைக்குப் போய் ஆற்றில் இறங்குகிறாள்.

உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில், இரண்டில் ஒன்றைச் சொல்ல நான் மறுக்கிறேன் என்பதுதான். வாசகரைக் குழப்புவதற்காகச் செய்த உத்தி என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வந்தது ஆவிதான் என்று கதை உறுதி செய்துவிட்டால், அவர் முழுவதுமாக இறக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. கொழுந்தனும் கூட அவரைப் பார்த்துவிட முடியும், அவளுடைய இழப்பு ஊரார் கூடி விடுவிக்க வேண்டிய ஒரு புதிராகச் சுருங்கிவிடும். எல்லாம் மனப்பிரமை என்று உறுதி செய்தாலோ, அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நோயின் அறிகுறியாகி, அதன் பிறகு அவள் பேச்சை யாரும் பேச்சாகக் கேட்கத் தேவையில்லாமல் போகும். தன் கையால் அவருக்கு வாய்க்கரிசி இட்டவள் அவள். அவர் செருப்பு மாட்டும் சத்தத்தைக் கேட்டவளும் அவள்தான். இரண்டும் அவளுக்கு ஒரே அளவில் உண்மை. அவற்றில் ஒன்றைக் கைவிடும்படி அவளிடம் கேட்கும் உரிமை எழுதுகிற எனக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மா கேட்ட இருமலைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். வேல்ஸ் நாட்டில் கிராமப்புற மருத்துவராக இருந்த டெவி ரீஸ் என்பவர், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேர், இறந்துபோன கணவரோ மனைவியோ அருகில் இருப்பதாக உணர்ந்தவர்கள். சிலர் உருவத்தைக் கண்டிருந்தார்கள், சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. பெரும்பாலோருக்கு அது பயத்தைத் தரவில்லை, துணையாகத்தான் இருந்தது. என்னை மிகவும் உலுக்கியது வேறொரு செய்தி: அந்த மருத்துவர் கேட்கும்வரை அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நம் ஊரில் ஒரு கோடங்கி இருக்கிறார், அங்கே அவர் இல்லை. ஆனால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

என் பெரியம்மாவின் நினைவிலிருந்துதான் அந்தக் கதை பிறந்தது. பெரியப்பா இறந்த பிறகு அவர் தினமும் இரவில் ஒரு சொம்புத் தண்ணீரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுவார். இரண்டு ஆண்டுகள் இது யாருக்கும் தொல்லையாக இல்லை. அவர் சமைத்தார், மாட்டைக் கவனித்தார், நாற்று நடவுக்கு ஆள் கூப்பிட்டார். ஒருநாள், சொம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று அவர் வாய்தவறிச் சொன்னார். அதன் பிறகு வீட்டில் எல்லாம் மாறிப்போனது. உடுக்கை வந்தது, வேப்பிலை வந்தது, கையில் தாயத்து ஏறியது, சொம்பு பரணுக்குப் போனது. அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் உறங்குவதை நிறுத்தினார், சாப்பிடுவதை மறந்தார், எங்கள் பெயர்களை மாற்றி அழைத்தார். அவருடைய புத்தியைக் கலைத்தது சொம்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்போது எனக்குப் பதினோரு வயது, நானும் அப்படியே நம்பினேன். சொம்பு இருந்தவரை அவர் நன்றாக இருந்தார் என்ற எளிய உண்மை, எனக்கு நாற்பது வயதான பிறகுதான் கண்ணில் பட்டது.

ஆகவே என் கதையில் அவள் குலைவது மோட்டார் ஓடியதால் அல்ல, அது நின்றதால். இதை நான் போதுமான அளவு தெளிவாக எழுதவில்லை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மாசியில் ஒருமுறை அவரை இழந்தவள், ஊரெல்லாம் தண்ணீர் வந்த மகிழ்ச்சியில் இருக்கும்போது இன்னொரு முறை இழக்கிறாள்; முதல் இழப்புக்கு அவளைச் சுற்றி ஒப்பாரி வைக்கப் பெண்கள் இருந்தார்கள், இந்த இழப்பை அவளால் வெளியில் சொல்லக்கூட முடியாது.

நீங்கள் சீர்காழிப் பக்கத்தவர் என்பதால் உங்களுக்கு அருகிலேயே, காவிரிப்பூம்பட்டினத்தில், ஒரு பெண்ணுக்கு நடந்ததாக மணிமேகலை சொல்வதை நினைவூட்ட விரும்புகிறேன். ஆதிரையின் கணவன் சாதுவன் கடல் வாணிகத்துக்குப் போகிறான், கலம் உடைகிறது, தப்பி வந்தவர்கள் அவனும் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அவள் தீ மூட்டச் செய்து அதில் புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. உடுத்த ஆடையும் பூசிய சாந்தும் சூடிய மாலையும் அப்படியே இருக்கின்றன. கணவன் உயிரோடு இருக்கிறான் என்று பிறகு அசரீரி ஒலிக்கிறது, கதை நல்லபடியாக முடிகிறது. நான் திரும்பத் திரும்ப நிற்கும் இடம் அந்த அசரீரிக்கு முந்தைய நொடி. தீ தன்னைத் தொடாததைக் கண்ட ஆதிரை அதை அற்புதம் என்று நினைக்கவில்லை. "தீயும் கொல்லாத் தீவினையாட்டியேன், யாது செய்கேன்" என்று ஏங்குகிறாள். நெருப்புக்கும் வேண்டாதவளாகிவிட்டேன் என்று அவள் புரிந்துகொள்கிறாள். துயரத்தில் இருக்கும் மனம் இப்படித்தான் வேலை செய்கிறது: நடப்பது எதுவானாலும், அது அருளே ஆனாலும், தன்மீது சுமத்தப்பட்ட குற்றமாகவே அதைப் படிக்கும். அன்றைக்கு மருத்துவரிடம் சீக்கிரம் போயிருக்கலாம், அந்தச் சண்டையைப் போடாமல் இருந்திருக்கலாம், அவர் கேட்ட குழம்பை வைத்துக் கொடுத்திருக்கலாம் என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். அமானுஷ்யக் கதை எழுதுகிறவர்கள் கதவு தானாகத் திறப்பதை எழுதுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். கதவு திறந்தால் என்ன பொருள் என்பதை அவளுடைய குற்ற உணர்வுதான் முடிவு செய்கிறது. என் கதையில் மோட்டார் நின்றபோது, 'நான் எழுந்து போய்ப் பார்க்காததால் கோபித்துக்கொண்டார்' என்று அவள் நினைப்பது ஆதிரையிடமிருந்து நான் பெற்றது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் பேய்களின் உடையைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், பொட்டில்லாத நெற்றி. கணவனை இழந்த பெண்ணின்மீது பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் திணித்த கோலம் அதுதான். பூவையும் வளையலையும் பறித்து, சுப காரியங்களில் எதிரே வரக் கூடாது என்று மூலையில் உட்கார வைத்து, பிறகு அதே உருவத்தை இருட்டில் நிறுத்திப் பார்த்துப் பயந்தோம். காரைக்காலில் ஒருத்தி, கணவன் தன்னை வணங்கி விலகியபோது, இவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை இனிக் கழித்துவிடுகிறேன் என்று தானே வேண்டிப் பேயுருவம் கொண்டாள், பாடினாள், அவளை அம்மையார் என்று வணங்குகிறோம். அது அவள் கேட்டுப் பெற்ற உருவம். கோடிப் புடவை போர்த்தப்பட்டு உட்காருகிறவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் எழுதப்படும் பேய்க்கதை, அந்தப் பெண்ணை ஊர் நடத்தியதைப் போலவே தானும் நடத்துகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அவளை ஆற்றில் இறக்கினேன். அவள் மூழ்கினாள் என்று நான் எழுதவில்லை, இறங்கினாள் என்று மட்டுமே எழுதினேன் என்பதுதான் கிழித்துப்போட்ட கடிதத்தில் நான் செய்த வாதம். அது நேர்மையான வாதம் அல்ல. ஆடிப் பதினெட்டு அன்று காலையில் படித்துறை முழுக்கப் பெண்கள் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு போன பிறகு, கழுத்தில் கயிறு இல்லாத ஒருத்தி இரவில் தனியாகத் தண்ணீரில் இறங்கினாள் என்று எழுதினால், நம் மண்ணில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அந்தப் பொருள் எனக்குத் தெரியும், அது தரும் அதிர்ச்சி எனக்குத் தேவைப்பட்டது. அது தவறு. நீங்கள் அழுததற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். 2022 முதல் நடப்பில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நீடித்த துயரத்தை ஒரு நோயாகக் குறிப்பிடுகிறது. ஆனால் ஆறு மாதம் கடந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து அது முடிவு செய்வதில்லை. அந்தத் துயரம் அவரவர் பண்பாட்டில் வழக்கமான அளவைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையை முடக்கியிருக்க வேண்டும். நம் வழக்கமே தலைத்திவசம்வரை ஓராண்டைத் துக்கத்துக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டு டம்ளர் காப்பியைக் கண்டு பயப்படாதீர்கள். அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, அக்கம்பக்கத்தில் யாருடனாவது பேசுகிறாரா என்று பாருங்கள். கேட்கும் குரல் அவரை ஏசினாலோ, தன்னுடன் வரச் சொல்லி அழைத்தாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்று அவர் சொன்னாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கோடங்கியிடம் இன்னொரு முறை போக வேண்டாம் என்று அண்ணனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். அப்பாவின் இருமல் தனக்குக் கேட்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கும் இருக்கக்கூடும்.

ஆனால் முதலில், அம்மா சொன்னதை அண்ணனிடம் சொன்னதற்காக அம்மாவிடம் வருத்தம் தெரிவியுங்கள். பிறகு அந்த இருமலைப் பற்றிக் கேளுங்கள். உண்மையா பொய்யா என்று கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, வழக்கமாக இருமுவதைப் போலவா, பீடி குடித்த பிறகு இருமுவதைப் போலவா என்று, ஊருக்குப் போய்வந்தவரைப் பற்றி விசாரிப்பதைப் போல விசாரியுங்கள். உடனே சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கதையின் கடைசிப் பக்கத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். இந்தத் தளத்திலும் இந்த வாரமே மாற்றிவிடுவேன். இப்போது அவள் படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் கணுக்கால்வரை இருக்கிறது. கதை முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்துபோன அவளுடைய ஓரகத்தி, புதுக்கயிற்றின் மஞ்சள் கழுத்தில் இன்னும் ஒட்டியிருக்க, இரண்டு படிகள் மேலே வந்து உட்காருகிறாள். "மோட்டார் சத்தம் எனக்கும் கேட்டதுக்கா" என்று அவளைச் சொல்ல வைத்து எழுதிப் பார்த்தேன். அது அவளை ஆவிக்குச் சாட்சியாக்கிவிடும் என்பதால் அடித்துவிட்டேன். "எத்தனை மணிக்குக்கா கேக்கும்?" என்று மட்டும் கேட்கிறாள்.

இரண்டு டம்ளர் காப்பியை அந்தப் பக்கத்தில் எங்காவது வைக்கலாம் என்று ஓர் இரவு நினைத்தேன். வைக்கவில்லை. அது உங்கள் அம்மாவுடையது.

அன்புடன்.