அப்பா அம்மா, குழந்தைகளோடு வியன்னாவில் ஒரு வார இறுதி: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: நாங்கள் மியூனிக்கில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதுபோல் வியன்னா போக ஆசை. அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம், முட்டைகூடச் சேர்க்கமாட்டார். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. என் கணவர் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் இரண்டு அரண்மனை, மூன்று மியூசியம், போதாததற்கு ஹால்ஸ்டாட்டும் இருக்கிறது. எனக்கோ யாரும் களைத்துப் போகாமல் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால் போதும். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் ஹால்ஸ்டாட் என்னும் ஏரிக்கரைக் கிராமத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வியன்னாவிலிருந்து ரயிலில் போனால் வழியில் மாறி ஏற வேண்டும். ஸ்டேஷன் ஏரியின் எதிர்க்கரையில் இருப்பதால் கடைசியில் படகிலும் கடக்க வேண்டும். ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம் போய்விடும். உங்கள் ஊரிலிருந்து சால்ஸ்பர்க் வழியாகப் போவது அதைவிட எளிது. அதை வேறொரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போகும் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் காலையில். இதை மட்டும் உங்கள் கணவரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். வியன்னாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். அரண்மனைத் தோட்டங்கள், ரிங் சாலைக் கட்டடங்கள், தேவாலயத்தின் முன்பகுதி, பிராட்டர் பூங்கா என்று அந்த ஊரின் பேரழகில் பெரும்பகுதி காசில்லாமல் வெளியிலேயே கிடக்கிறது. போகிற இடமெல்லாம் பெஞ்ச் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கும் நாலு வயதுக்காரனுக்கும் ஒரே நேரத்தில் ஒத்துவரும் பெரிய நகரங்கள் ஐரோப்பாவில் அதிகமில்லை. அதனால்தான் நீங்கள் வியன்னாவைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

தங்குமிடத்தில் கொஞ்சம் கவனம் தேவை. வியன்னாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே ஹோக்பார்ட்டெர், மெட்ஸனீன் என்று இடைத்தளங்கள் வரும். அதற்கும் மேலேதான் 'முதல் மாடி' தொடங்கும். வாடகை வீட்டு விளம்பரத்தில் 'முதல் மாடி, லிஃப்ட் கிடையாது' என்று பார்த்துவிட்டு ஒரு மாடிதானே என்று பதிவு செய்தால், அப்பா மூன்று மாடி ஏற வேண்டி வரலாம். எனவே லிஃப்ட் உண்டா, வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் படிகள் இருக்கின்றனவா என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சமையலறையோடு கூடிய வீடாக, ஹாப்ட்பான்ஹோஃப் என்னும் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். மியூனிக்கிலிருந்து சுமார் நாலு மணி நேரத்தில் ரயில்ஜெட் உங்களை அங்கேதான் இறக்கிவிடும். அங்கிருந்து யூ1 மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்ப்ளாட்ஸ், அதாவது ஊரின் நடுமையம். அதே தடத்தில்தான் பிராட்டரும் வருகிறது. ரயில் டிக்கெட்டோடு இருக்கையையும் தனியாக முன்பதிவு செய்யுங்கள். வெள்ளி மாலை ரயில்களில் கூட்டம் இருக்கும். டிக்கெட் இருந்தாலே உட்கார இடம் கிடைக்கும் என்பதில்லை.

இன்னொரு விஷயம் புதிதாகப் போகிறவர்களை அடிக்கடி மாட்டிவிடும். ஆஸ்திரியாவில் சூப்பர் மார்க்கெட்டுகள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள்; ஞாயிறு திறப்பதே இல்லை. பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் விதிவிலக்கு. மத்திய ரயில் நிலையத்திலும் பிராட்டர்ஸ்டெர்னிலும் ஞாயிறன்று பால், தயிர், பழம் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் நிற்பதைவிட, இரண்டு நாளைக்கு வேண்டியதைச் சனிக்கிழமை மதியமே வாங்கி வைத்துவிடலாம்.

அம்மாவின் சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வியன்னாவில் சைவம் கிடைக்காது என்பது பழைய பேச்சு. ஆனால் சைவம்போலத் தெரிந்து சைவமல்லாத பண்டங்கள் அங்கே நிறைய. ஃப்ரிட்டாட்டன் சூப்பில் தோசையை நறுக்கிப் போட்டதுபோல் மாவு இழைகள் மிதக்கும். சூப்போ மாட்டெலும்புச் சாறு. உருளைக்கிழங்கு சாலட்டைக்கூட வியன்னா முறைப்படி மாட்டுச் சாறு ஊற்றித்தான் கலப்பார்கள். கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டிப் பண்டத்தின் மாவில் முட்டை இருக்கும். கைசர்ஷ்மாரன், ஸாஹர்டோர்ட்டே கேக் இரண்டிலும் முட்டை உண்டு. ஆப்பிள் ஸ்ட்ரூடலின் மேல்மாவு மரபுப்படி மாவு, தண்ணீர், எண்ணெய் சேர்த்துப் பிசைவதுதான் என்றாலும் சில கடைகளில் முட்டை சேர்ப்பார்கள். 'வெஜிட்டேரியன்' என்று மட்டும் சொன்னால் அங்கே முட்டையும் அதில் அடக்கம். நீங்கள் மியூனிக்வாசி, ஜெர்மனில் இறைச்சி, இறைச்சிச் சாறு, முட்டை மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். 'வீகன்' என்று குறித்த பண்டங்கள் இப்போது பல உணவகங்களில் உண்டு. அம்மாவுக்கு அதுதான் பாதுகாப்பான வழி. நாஷ்மார்க்ட் சந்தையில் ஃபலாஃபல், ஹம்மஸ் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தச் சந்தையும் ஞாயிறு விடுமுறை. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டிலேயே சோறு வடித்து, தயிரும் ஊறுகாயும் வைத்துவிட்டால் அம்மா நிம்மதியாக இருப்பார். நாள் முழுக்கச் சுற்றிய குழந்தைகளுக்கும் அது போதும்.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். வியன்னாவின் குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து தனிக் கால்வாய் வழியாக வருவது. முதல் கால்வாயை 1873இலும் இரண்டாவதை 1910இலும் திறந்தார்கள். மே மாதத்தில் தெருவோரக் குடிநீர்க் குழாய்களெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். காலிப் பாட்டிலோடு போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஷோன்புருன் அரண்மனை. ஊரிலிருந்து வந்த புதிதில் பெரியவர்கள் எப்படியும் விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மே மாதத்தில் ஐந்தரைக்கெல்லாம் நல்ல வெளிச்சம் வந்துவிடும். தோட்டத்தின் கதவு காலை ஆறரைக்கே திறக்கும், கட்டணம் இல்லை. பயணக் குழுக்களின் பேருந்துகள் வருவதற்குமுன் அந்த நீண்ட மர வரிசைகளில் அப்பா தன் போக்கில் மெல்ல நடக்கட்டும். மைதானத்துக்கு அப்பால் குன்றின்மேல் தெரியும் க்ளோரியெட் மண்டபம் வரைக்கும் ஏறுவது முழங்காலுக்கு ஆகாது. தோட்டத்துக்குள் சுற்றும் பனோராமாபான் என்ற சின்னச் சுற்றுலா வண்டி பத்து மணிவாக்கில் ஓடத் தொடங்கும். அதில் மேலே போய்வரலாம்.

அரண்மனைக்குள் போவதா, மிருகக்காட்சிசாலைக்குப் போவதா? இரண்டுமே அதே வளாகத்தில் இருப்பதால் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஒரே காலையில் இரண்டையும் முடித்தவர்கள் மாலையில் எதையும் ரசிக்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். அரண்மனையில் 1,441 அறைகள். பார்வைக்கு விட்டிருப்பது அதில் சிறு பகுதிதான். பேரரசி மரியா தெரேசா முன்னால் 1762இல் ஆறு வயது மோட்சார்ட் வாசித்த இடம் என்பதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் சிலிர்ப்பு. நாலு வயதுப் பையனுக்கு அது தங்கப்பூச்சுப் பூசிய வெறும் சுவர். என் யோசனை, இங்கே குடும்பம் இரண்டாகப் பிரியட்டும். நீங்களும் அம்மாவும் மகளும் அரண்மனைக்குப் போங்கள். காலையின் முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்து, அறைகள் குறைவாக உள்ள சுற்றையே எடுங்கள். அப்பாவும் கணவரும் மகனோடு மிருகக்காட்சிசாலைக்குப் போகட்டும். அது 1752இல் தொடங்கியது. இன்றுவரை தொடர்ந்து இயங்கிவரும் மிருகக்காட்சிசாலைகளில் உலகிலேயே பழமையானது. அதன் நடுவில் பேரரசர் காலை உணவு சாப்பிட்ட மண்டபம் இன்று உணவகமாக இருக்கிறது. அதைச் சுற்றித்தான் பழைய விலங்குக் கூடங்களைக் கட்டினார்கள். அப்பா அங்கே உட்கார்ந்திருக்கலாம், கணவரும் மகனும் பாண்டாவைப் பார்த்துவிட்டு வரலாம். மகளுக்கு விலங்குகள்தான் பிடிக்கும் என்றால் அவளையும் அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். எல்லோரும் எல்லா இடத்துக்கும் கூட்டமாகவே போக வேண்டும் என்ற பிடிவாதம்தான் குடும்பப் பயணத்தில் பாதிச் சண்டைக்குக் காரணம்.

மதியம் வீடு திரும்பிச் சாப்பிட்டு, பெரியவர்களும் பையனும் தூங்கட்டும். அந்த நேரத்தில் கணவர் மட்டும் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷெஸ் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்வரலாம். ஓவியர் ப்ரூகலின் படைப்புகள் உலகிலேயே அதிகமாக இருப்பது அங்கேதான். 'பாபெல் கோபுரம்', 'பனியில் வேட்டைக்காரர்கள்' இரண்டையும் அவசரமில்லாமல் பார்க்க அவருக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். பட்டியல் போட்டவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டுமல்லவா!

மாலை நாலு மணிவாக்கில் ட்ராம். பழைய கோட்டைச் சுவரை இடிக்க 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் ஆணையிட்டார். அந்த இடத்தில் எழுந்ததுதான் ரிங் சாலை. ஓபரா, நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாமே அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. ஷ்வேடன்ப்ளாட்ஸில் ஓபரா பக்கம் போகும் 2ஆம் எண் ட்ராமில் ஏறுங்கள். நாடாளுமன்றத்தருகே இறங்கி 1ஆம் எண்ணில் ஷ்வேடன்ப்ளாட்ஸ் பக்கம் திரும்பினால் ஏறக்குறைய முழு வட்டமும் முடிந்துவிடும். சாதாரண பயணச் சீட்டே போதும், சுற்றுலா பஸ்ஸுக்குத் தனிப் பணம் தேவையில்லை. சனி, ஞாயிறு இரண்டுக்கும் 24 மணி நேரச் சீட்டாக வாங்குங்கள். மகனுக்குக் கட்டணம் இல்லை. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். காகிதச் சீட்டில் நேரம் அச்சாகாமல் இருந்தால் நுழைவிடத்திலுள்ள சிறு பெட்டியில் ஒருமுறை செருகி முத்திரை இடுங்கள். மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பரிசோதகர் வந்தால் அபராதம் நூறு யூரோவைத் தாண்டும்.

பிறகு ஸ்டெஃபான்ஸ்டோம் தேவாலயம். தெற்குக் கோபுரத்தில் 343 படிகள்; மகளும் கணவரும் ஆசைப்பட்டால் ஏறட்டும். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. பும்மெரின் என்ற, சுமார் 20 டன் எடையுள்ள பெரிய மணியை அங்கே அருகிலிருந்து பார்க்கலாம். துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்த பழைய மணி 1945 தீயில் விழுந்து நொறுங்கியது; அதன் உலோகத்தைச் சேர்த்து மறுபடி வார்த்த மணி இது. அப்பாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். வெளியே மோட்சார்ட் வேடத்தில் நின்று கச்சேரி டிக்கெட் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். மே மாதத்தில் பல மாலைகளில் ஓபரா கட்டடத்தின் வெளிச்சுவரிலுள்ள பெரிய திரையில் உள்ளே நடக்கும் நிகழ்ச்சியை இலவசமாகவே நேரலையில் காட்டுவார்கள். உட்கார நாற்காலிகளும் போட்டிருப்பார்கள், சலித்தால் எழுந்து வந்துவிடலாம்.

ஞாயிறு காலை நாட்டுர்ஹிஸ்டோரிஷெஸ், அதாவது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். வியன்னாவின் அரசு அருங்காட்சியகங்களில் 19 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சலித்துப்போனாலும் காசு வீண் என்ற வருத்தம் வராது. பிரதான வாசலில் படிகள் இருப்பதால் அப்பாவை ரிங் சாலைப் பக்கமுள்ள படியில்லாத வாசல் வழியாக அழைத்துச் செல்லுங்கள். டைனோசர் கூடம், விண்கற்கள், வில்லெண்டோர்ஃப் பெண் சிலை, இந்த மூன்றும் போதும். டைனோசர் கூடத்தில் அசைந்து உறுமும் அல்லோசாரஸ் உருவம் ஒன்று இருக்கிறது. மகன் பயப்படலாம், முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள். 1908இல் டான்யூப் கரையோரக் கிராமம் ஒன்றில் கிடைத்த அந்தப் பெண் சிலையின் உயரம் 11 சென்டிமீட்டர்தான், வயது ஏறத்தாழ 30,000 ஆண்டுகள். தனியாக ஒரு சிறு இருட்டறையில் வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து காபி ஹவுஸ். இதை இடைவேளையாக நினைக்காதீர்கள், வியன்னாவில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. 'சென்ட்ரல்' என்ற காபி ஹவுஸில் எப்போதும் வெளியே வரிசை நிற்கும். பெரியவர்களை நிற்கவைக்க வேண்டாம். ரிங் சாலையோரத்தில் உள்ள ப்ரூக்கெல், அல்லது 1880 முதல் இருக்கும் ஷ்பெர்ல் போதும். ஷ்பெர்ல் கோடைகாலத்தில் ஞாயிறுகளில் மூடியிருப்பது வழக்கம், பார்த்துவிட்டுப் போங்கள். காலியான மேசையில் நீங்களே உட்காரலாம். ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். காபியோடு ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். நீங்கள் கேட்காமல் பில் வராது. அது மெத்தனம் அல்ல, மரியாதை. பால் காபி பழகிய அப்பாவுக்கு மெலாஞ்ச் சொல்லுங்கள். திடம் போதாது என்றால் அடுத்தமுறை சிறு பால் குடுவையோடு வரும் க்ளைனர் ப்ரவுனர்.

மதியத்துக்குமேல் பிராட்டர். மத்திய ரயில் நிலையத்தின் லாக்கரில் காலையிலேயே பெட்டிகளை வைத்துவிட்டால் கைவீசிப் போகலாம். ராட்டினப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது; ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு. 1897இல் கட்டிய பெரிய ராட்டினம் 65 மீட்டர் உயரம், மிக மெதுவாகச் சுற்றும், பெட்டிகள் அறைபோல் அகலமானவை. தலைசுற்றல் இல்லாத பெரியவர்கள் தாராளமாக ஏறலாம். பையனுக்கு லில்லிபுட்பான் என்ற குட்டி ரயில். அது செஸ்ட்நட் மரங்கள் நிற்கும் நீண்ட பாதையை ஒட்டி ஓடும். மே முதல் பாதியில் அந்த மரங்கள் பூத்திருக்க வாய்ப்புண்டு.

மழை பிடித்துக்கொண்டால் பிராட்டரை விட்டுவிட்டு, அருங்காட்சியகத்திலேயே கூடுதலாக ஒரு மணி நேரம் இருங்கள். கணவர் கேட்கும் இரண்டாவது அரண்மனையான பெல்வெடெர், ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடைதான். மழை விட்டு நேரமும் மிஞ்சினால் அதன் தோட்டத்து மேல்வாசலில் நின்று நகரத்தைப் பார்த்துவிட்டு ரயிலேறலாம். திரும்பும் வழியில் ஜெர்மன் எல்லையில் போலீஸ் ரயிலுக்குள் ஏறிச் சோதிப்பதுண்டு. பெற்றோரின் பாஸ்போர்ட்டும் விசாவும் உங்கள் வசிப்பிட அட்டைகளும் பெட்டிக்கடியில் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.