பேராசைக்காரர்களுக்குத் தரகு பார்க்கவா என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார்.

போன சனிக்கிழமை கல்லூரிப் படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்த நீங்களும் உங்கள் மகனும் (தம்பி என்றே சொல்கிறேன்) கிளம்பிப் போன பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் முடியவில்லை. அடுத்தவர் வெளியே காத்திருந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

"கணக்கில் நல்ல மார்க் வாங்குகிற பையன், பேஸ்பால் வீரர்களுக்காகச் சம்பளப் பேரம் பேசுகிற ஏஜென்ட் ஆகப் போகிறேன் என்கிறான். ஒரு பந்தை அடிக்க 76 கோடி டாலர் கேட்கிற பேராசைக்காரர்களுக்குத் தரகு பார்க்கவா நான் அமெரிக்காவுக்கு வந்து கஷ்டப்பட்டேன்?" என்று கேட்டீர்கள். தம்பி ஒன்றும் பேசாமல் கையில் இருந்த நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். அந்த நோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த 76 கோடிக்கு வருவோம்.

நீங்கள் சொன்னது ஹுவான் சோட்டோ என்ற வீரரை. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணியோடு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம். இவர் டொமினிகன் குடியரசிலிருந்து 16 வயதில் வாஷிங்டன் அணிக்குக் கையெழுத்துப் போட்டவர். 19 வயதில் பெரிய லீகில், அதாவது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகில், ஆட வந்துவிட்டார். 2019இல் வாஷிங்டன் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிப் பட்டத்தை ஜெயித்தது இவரும் சேர்ந்து ஆடித்தான். அந்த வருடம் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 5,55,000 டாலர். இவர் வாங்கியதும் அதை ஒட்டிய தொகைதான். நமக்கு அது பெரிய பணம், மறுக்கவில்லை. ஆனால் அதே மைதானத்தில், அவரில் பாதி ஆட்டம் ஆடுகிறவர் பல மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். வேறு அணிக்குப் போய் விலை கேட்கலாமென்றால் அதற்கு வழி கிடையாது.

விதி அப்படி. பெரிய லீகுக்கு வந்தபின் சுமார் 3 வருடம் கிளப் சொல்வதுதான் சம்பளம். அதற்கப்புறம் 6 வருட சர்வீஸ் முடியும்வரை ஆர்பிட்ரேஷன் என்ற நடுவர் முறையில் கொஞ்சம் பேரம் பேசலாம். 6 வருடம் முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது யாரிடம் வேண்டுமானாலும் போய் வேலை கேட்கிற உரிமை. பெரும்பாலானவர்களுக்கு அந்த நாள் வருவதற்குள் வயது 29, 30 ஆகிவிடும். பலருக்கு வருவதே இல்லை. தோளோ முழங்கையோ அதற்கு முன்பே போய்விடும். சோட்டோ சின்ன வயதில் ஆட வந்ததால் 26 வயதில் அந்த வாசலுக்கு வந்துவிட்டார். நடுவில் 2022இல் வாஷிங்டன் 15 வருடத்துக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்றார். அப்போதுதான் "பேராசை" என்ற பேச்சு கிளம்பியது. அடுத்த மாதமே அவரைச் சான் டியேகோவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் கேட்டது தன் விலை என்ன என்று சந்தையில் ஒரு தடவை தெரிந்துகொள்ளும் வாய்ப்பு, அவ்வளவுதான்.

இது உங்களுக்குப் புரியாததா சார்? கிரீன் கார்டு வரிசை குழம்பிவிடும் என்று ஒரே கம்பெனியில் எத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். உங்களுக்குப் பிறகு சேர்ந்தவருக்கு உங்களைவிட அதிகச் சம்பளம் என்பதையும் சொன்னீர்கள். கார்டு கையில் வந்த மூன்றாம் மாதம் வேறு இடத்துக்கு மாறினீர்கள். அதைப் பேராசை என்று யாராவது சொல்லியிருந்தால் உங்கள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்?

இந்த 6 வருட உரிமைகூடத் தானாக வரவில்லை. கர்ட் ஃப்ளட் என்று ஒருவர் இருந்தார். செயின்ட் லூயிஸ் அணியில் 12 வருடம் ஆடியவர், 1969இல் அவர் சம்பளம் 90,000 டாலர். அந்த வருடம் அக்டோபரில் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் வீரர் வேறு எங்கும் போக முடியாது. கிளப் விரும்பும்வரை அவர் அந்தக் கிளப்பின் சொத்து. வாங்கவும் விற்கவும் நான் ஒரு பொருள் இல்லை என்று லீகின் தலைவரான கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டு ஃப்ளட் நீதிமன்றம் போனார். ஃபிலடெல்ஃபியா கொடுக்க முன்வந்தது அவர் வாங்கிக்கொண்டிருந்ததைவிட அதிகம், அதையும் மீறித்தான் போனார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிட்டிருந்தது. 1975 டிசம்பரில் மெஸ்ஸர்ஸ்மித், மெக்நேலி என்ற இரண்டு பிட்ச்சர்களின் (பந்து வீசுபவர்களின்) வழக்கில் ஒரு ஆர்பிட்ரேஷன் நடுவர் கொடுத்த தீர்ப்பால்தான் கதவு திறந்தது. ஃப்ளட்டுக்கு அதில் ஒரு காசு பலன் இல்லை. அவரையும் அன்றைக்குப் பணத்தாசை பிடித்தவர் என்றுதான் பலர் சொன்னார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

சரி, வீரர் குறைவாக வாங்கிக்கொண்டால் அந்த மிச்சம் யாருக்குப் போகும்? டிக்கெட் விலை குறையும் என்று நினைக்கிறோம். கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்குப் பல காலம் சம்பளமே கிடையாது. அங்கே டிக்கெட் சும்மாவா கிடைத்தது? கூட்டம் என்ன விலைக்கு வாங்குமோ அதுதான் விலை. மிச்சம் முதலாளியிடம் போகும். நியூயார்க் யாங்கீஸ் அணியை 1973இல் ஸ்டைன்பிரென்னர் குழு வாங்கியபோது விலை சுமார் 1 கோடி டாலர். 2025இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை போட்ட மதிப்பு 820 கோடி. இதைச் சொல்லி யாரும் முதலாளியைப் பேராசைக்காரர் என்பதில்லை. நல்ல முதலீடு என்கிறோம்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. பிடித்த வீரர் ஊரை விட்டுப் போகும்போது ரசிகனுக்கு வலிக்கும். 2011க்குப் பிறகு நட்சத்திர வீரர் ஆல்பர்ட் பூஹோல்ஸ் செயின்ட் லூயிஸை விட்டுப் போனபோது அந்த ஊரே நொந்துபோனது. அந்த வருத்தம் உண்மை. ஆனால் வருத்தம் வேறு, குற்றச்சாட்டு வேறு.

இப்போது தம்பியின் நோட்டு. நீங்கள் காரை எடுக்கப் போன ஐந்து நிமிடத்தில் எனக்குத் திறந்து காட்டினான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீரர். இடது பக்கம் ஆர்பிட்ரேஷனில் கிளப் சொன்ன தொகை, வலது பக்கம் வீரர் கேட்ட தொகை, நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு. நடுவர் குழு இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். நடுவாக ஒரு தொகை சொல்ல அனுமதி இல்லை. அதனால் கேள்வி ஒன்றுதான்: வீரரின் உண்மையான மதிப்பு அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேலா, கீழா? பக்கத்தின் அடியில் தீர்ப்பை எழுதி, அதன்மேல் மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டி மறைத்திருக்கிறான். தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் தாளை எடுப்பானாம். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை சார். பல வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இப்படி ஒரு பிள்ளை அபூர்வம்.

அதில் ஒரு பக்கம் கார்பின் பர்ன்ஸ். 2021இல் சை யங் விருது, அதாவது வருடத்தின் சிறந்த பிட்ச்சருக்கான விருது, வாங்கியவர். 2023இல் அவர் கேட்டது 1 கோடியே 7.5 லட்சம் டாலர். மில்வாக்கி கிளப் சொன்னது 1 கோடியே 10 ஆயிரம். வித்தியாசம் 7.4 லட்சம். அந்த வித்தியாசத்துக்காகச் சொந்த வீரரை எதிரில் உட்காரவைத்து, அணி ப்ளே ஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளுக்குப் போகாததற்கு அவர்தான் முக்கியக் காரணம் என்கிற மாதிரி வாதாடினார்கள் என்று அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். தோற்றும் போனார். ஒரு வருடத்தில் பால்டிமோருக்கு மாற்றினார்கள். 2024 டிசம்பரில் அரிசோனா 6 வருடத்துக்கு 21 கோடி டாலர் கொடுத்தது. 2025 ஜூனில், முதல் சீசன் பாதிகூட முடியாத நேரத்தில், முழங்கையில் டாமி ஜான் என்ற தசைநார் மாற்று அறுவை சிகிச்சை. ஒப்பந்தம் உறுதியானது என்பதால் சம்பளம் நிற்காது. இவருக்காக அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவரின் வேலையைத்தான் உங்கள் மகன் செய்ய ஆசைப்படுகிறான். தரகு என்று சொன்னாலும், ஒரு மனிதனின் முழங்கை எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாத நிலையில் அவன் குடும்பத்தைக் காப்பாற்றும் வேலை அது.

நாணயம் எங்கே என்று கேட்பீர்கள். கில் மெஷ் என்று ஒரு பிட்ச்சர், கான்சஸ் சிட்டியில் 5 வருடத்துக்கு 5.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். கடைசி வருடம் தொடங்குவதற்கு முன்பே தோள் போய்விட்டது. பயிற்சிக்கு வந்து உட்கார்ந்திருந்தாலே 1.2 கோடி டாலருக்கு மேல் கிடைத்திருக்கும். உழைக்காத காசு வேண்டாம் என்று 2011 ஜனவரியில் விளையாட்டை விட்டே விலகிக்கொண்டார். சந்தையில் முழு விலை கேட்டு வாங்கியவரும் இவர்தான், வேலை செய்ய முடியாதபோது விட்டுக்கொடுத்தவரும் இவர்தான். தம்பியிடம் இவரைப் பற்றிப் பேசுங்கள்.

இனி, அப்பா என்ற முறையில் நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம். இது கடினமான தொழில். வீரர்கள் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும், அதற்கு எழுத்துத் தேர்வு, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு வீரர் உங்களை நம்பி வர வேண்டும். ஆரம்பத்தில் கிடைப்பவர்கள் பெரிய லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீக் பையன்களாகத்தான் இருப்பார்கள். மைனர் லீக் வீரர்களுக்காகச் சங்கம் போட்ட 2023 ஒப்பந்தத்தில்கூட, அதில் மேல்தட்டான டிரிபிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் அந்த வருடத்துக்கு 35,800 டாலராகத்தான் இருந்தது. அதில் ஏஜென்டுக்கு என்ன கிடைக்கும்? பல வருடம் வருமானமில்லாமல் ஓட வேண்டியிருக்கும்.

அதனால் என் யோசனை: "ஸ்போர்ட்ஸ் ஏஜென்ட்" என்று எழுதி ஒரே கதவைத் தட்ட வேண்டாம். இளநிலையில் பொருளாதாரமோ புள்ளியியலோ எடுக்கட்டும். வீட்டுப் பக்கத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலேயே இரண்டும் உண்டு, செலவும் தாங்கும். அந்தப் பட்டத்தோடு கிளப்புகளின் ஆய்வுப் பிரிவு, காப்பீட்டுக் கம்பெனி, வங்கி என்று எங்கும் போகலாம். பிறகும் இதே ஆசை இருந்தால் சட்டம் படிக்கட்டும். டுலேன் சட்டக் கல்லூரியில் பேஸ்பால் ஆர்பிட்ரேஷனுக்கென்றே மாணவர்களுக்கு ஒரு போட்டி நடத்துகிறார்கள். தம்பி மஞ்சள் தாள் ஒட்டிச் செய்வதை அங்கே கோட்டு மாட்டிக்கொண்டு செய்கிறார்கள். சோட்டோவின் ஏஜென்ட் ஸ்காட் போராஸ் மைனர் லீகில் ஆடி, முழங்கால் போய், மருந்தியல் பட்டமும் சட்டப் பட்டமும் வாங்கிய பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். இன்னொன்று: வீரர்கள் சங்கத்துக்கும் கிளப்புகளுக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. புது ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தையைத் தம்பி தினமும் படித்துக் குறிப்பு எடுக்கட்டும். கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

அடுத்த சந்திப்பு மூன்று வாரம் கழித்துத்தானே. அதற்குள் ஒரு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் கிளப் பக்கம், அவன் வீரர் பக்கம். வீட்டம்மாவை நடுவராக உட்காரவையுங்கள். ஒரே ஒரு பக்கம் போதும். மஞ்சள் தாளை மட்டும் முன்னாலேயே எடுத்துப் பார்த்துவிடாதீர்கள்.