பின்தொடர்பவரிடமிருந்து தப்புவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ரெண்டு நாளில் வீட்டை விட்டுக் கிளம்பணும். எதை எடுக்க, எதை விட?

பதில்: இதை, உங்களைப் பின்தொடர்பவன் கைபட்ட போனில் படிக்கிறீர்கள் என்றால் முதலில் வேறு போனுக்கு மாறுங்கள். அடி விழும் நிலை என்றால் பையே வேண்டாம். அவசர எண்ணை அழைத்து இறங்கிவிடுங்கள்.

அவகாசம் இருந்தால், போகப்போவதை அவனிடம் சொல்லாதீர்கள். பிரியும் வேளையும் அதையொட்டிய நாட்களும்தான் மிக ஆபத்து. அவன் வெளியே போய், உடனே திரும்ப வழியில்லாத நேரத்தைப் பிடியுங்கள். அடையாளச் சான்றுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சாவிகள், ஒரு வாரத்து மருந்து, இரண்டு செட் துணி. இந்தப் பை முன்கூட்டியே நம்பகமானவர் வீட்டில் இருக்கட்டும். செலவுக்கு ரொக்கம், கூட்டுக் கணக்கின் கார்டைத் தேய்த்தால் கடையும் நேரமும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

பலர் மாட்டுவது அதற்குப் பிறகுதான். புதுப் போன் வாங்கி, பழைய கணக்கிலேயே நுழைவார்கள். பழைய இருப்பிடப் பகிர்வும் கூடவே வந்துவிடும். புதுப் போனுக்குப் புது மின்னஞ்சல். பிள்ளையின் டேப்லெட், ஸ்மார்ட் வாட்ச் இரண்டையும் மறக்காதீர்கள்.

கேள்வி: கார் ஓட்டும்போது பின்னாடியே ஒரு வண்டி வருது. எப்படி உறுதி பண்றது?

பதில்: ஒரே பக்கமாக நான்கு முறை திரும்புங்கள். இன்னும் பின்னால் இருந்தால் தற்செயல் அல்ல. வீட்டுக்குப் போகாதீர்கள், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மருத்துவமனை அவசரப் பிரிவு வாசல். சிக்னலில் முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுவது தெரியுமளவு இடம் விட்டு நில்லுங்கள். ஒடித்து வெளியேற அது வேண்டும்.

கேள்வி: பைக்குள்ள ஏர்டேக் கிடந்துச்சு. உடைச்சுப் போட்டுடவா?

பதில்: வேண்டாம், நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்தச் சின்ன வட்டக் கருவி ஒரு சாட்சி. கிடந்த இடத்தோடு படம் எடுங்கள். வெள்ளைப் பக்கத்தை என்எஃப்சி (தொட்டால் தகவல் படிக்கும் வசதி) உள்ள போனில் தொட்டால் சீரியல் எண் வரும், அதையும் படமெடுங்கள். பின்மூடியை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் சிஆர்2032 பேட்டரி கழன்றுவரும். கழற்றினால் அவனுக்கு இருப்பிடம் வருவது நின்று, கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று தெரிந்துவிடும். அதனால் பாதுகாப்பான இடத்தில் வைத்துக் கழற்றுங்கள்.

2024 மே முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டும் கூட வரும் அந்நிய ப்ளூடூத் டிராக்கரைப் பற்றி எச்சரிக்கின்றன. சிம் போட்ட ஜிபிஎஸ் கருவிக்கு அந்த எச்சரிக்கை வராது. காரின் அடியில் காந்தத்தால் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் (மெக்கானிக் காரைச் சோதிக்கக் கருவி செருகும் இடம்) ஏதாவது செருகியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: போன்ல ஸ்பை ஆப் இருக்கும்போல. ரீசெட் பண்ணிடலாமா?

பதில்: தடயம் அழியும், அவனும் உஷாராவான். கடவுச்சொற்களை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

கேள்வி: நம்பரை மாத்திடலாமா?

பதில்: புது எண் வாங்கி நாலைந்து பேருக்கு மட்டும் கொடுங்கள். பழையதைத் துண்டிக்காதீர்கள். வழி அடைபட்டால் அவன் வாசலுக்கு வருவான்.

கேள்வி: இதை ஏத்துக்க முடியாது. தினம் மிரட்டலைப் படிச்சா மனுஷி என்னாவாள்? வெட்டி விடுறதுதான் நிம்மதி.

பதில்: நொந்துபோவார் என்பது உண்மை. ஆகவே அவர் படிக்கவேண்டாம். பழைய போன் நம்பகமானவர் கையில் ஒலியின்றி இருக்கட்டும். ஆயுதம், தற்கொலை, நீங்கள் இருக்கும் தெருவின் பெயர் எதுவும் செய்தியில் தலைகாட்டினால் அன்றே காவல்துறைக்குப் போகவேண்டும். எண்ணைத் துண்டித்திருந்தால் அந்த முன்னறிவிப்பே கிடைத்திருக்காது.

கேள்வி: ஒரே ஒரு தடவை பேசிப் புரியவைக்கலாமே?

பதில்: கூடாது. 40ஆவது அழைப்பை எடுத்தால், 40 முறை அழைத்தால் எடுப்பார்கள் என்று கற்றுக்கொடுத்ததாகிறது. "வேண்டாம், தொடர்புகொள்ளாதே" என்று ஒரே முறை எழுத்தில். பிறகு திட்டக்கூட வாய் திறக்காதீர்கள்.

கேள்வி: அண்ணன்களை அனுப்பி ரெண்டு தட்டு தட்டினா?

பதில்: வழக்கு உங்கள் மேல் திரும்பும். அவன் ஆத்திரமும் உங்கள் மேல்தான் இறங்கும்.

கேள்வி: நம்பர் மாத்தலாமா?

பதில்: மேலே இருக்கிறது. முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: தடை உத்தரவு வாங்கினா போதுமா?

பதில்: வழக்கறிஞரிடம் கேளுங்கள். உத்தரவு அவன் கைக்குப் போகும் நாளில் மட்டும் வீட்டில் இருக்காதீர்கள்.

கேள்வி: அவர் போன்லேருந்துதான் எழுதறேன். குளிச்சிட்டிருக்கார்.

பதில்: நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தை மட்டும் வரலாற்றிலிருந்து நீக்குங்கள். எல்லாவற்றையும் அழித்தால் சந்தேகம் வரும். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து வாருங்கள், காத்திருக்கிறேன்.