வீடு விற்கும்போது தரகர் கமிஷன்: எவ்வளவு, எதற்கு, எப்போது?

வீடு, மனை தொடர்பாக வாசகர்கள் கேட்ட கேள்விகளில், தரகர் கமிஷன் பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில்.

மாடம்பாக்கத்தில் 1,200 சதுர அடி மனையில் பழைய தனி வீடு எங்களுடையது. 80 லட்சம் எதிர்பார்க்கிறோம். தரகர் 2 சதவீதம் கேட்கிறார். நாங்களே இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றால் அந்தப் பணம் மிச்சம்தானே?
– ஒரு வாசகர், சென்னை

80 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 1,60,000 ரூபாய். தரகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து 1,88,800 ஆகிவிடும். பதிவு எண் இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது, கேட்டால் தர வேண்டாம். கமிஷன் இவ்வளவுதான் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்பது ஊர் வழக்கம், பேசிக் குறைக்கலாம். உங்களிடம் வாங்குகிற அதே தரகர் வாங்குபவரிடமும் தனியாக வாங்குவார் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

தரகர் வைப்பது தகுமா என்று கேட்டால், உங்கள் வீட்டுக்குத் தகும். ஆனால் இந்தக் கணக்கில் வேண்டாம். காரணத்தைப் பாருங்கள். நீங்கள் 80 சொல்கிறீர்கள், வந்தவர் 75-க்குக் கேட்கிறார். 75-க்கு முடிந்தால் உங்களுக்கு 5 லட்சம் போகிறது. தரகருக்குப் போவது வெறும் 10,000. அந்தப் பத்தாயிரத்துக்காக அவர் இன்னும் இரண்டு மாதம் ஆள் கூட்டி வர மாட்டார். ‘மார்க்கெட் டல்லா இருக்கு, வந்த பார்ட்டியை விட்டுடாதீங்க’ என்றுதான் சொல்வார். அது அவருடைய நேர்மைக் குறைவு இல்லை. சதவீதக் கமிஷனின் அமைப்பே அப்படி. விலையை ஏற்றுவதைவிட வியாபாரத்தை முடிப்பதில்தான் அவருக்கு ஆதாயம்.

அதனால் கமிஷனை இரண்டு துண்டாகப் பேசுங்கள். 76 லட்சம் வரை 1 சதவீதம், அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 15 சதவீதம். வீடு 80-க்குப் போனால் முதல் துண்டுக்கு 76,000, மேலே உள்ள 4 லட்சத்துக்கு 60,000, ஆக மொத்தம் 1,36,000. அவர் முதலில் கேட்டதைவிட உங்களுக்கு 24,000 குறைவு. அவருக்கோ கூடுதலாகப் பேசி வாங்கித் தரும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 2,000-க்குப் பதில் 15,000 கிடைக்கும். பேச்சில் வேகம் தானாக வரும்.

இதில் அடிப்படை விலையைத் தரகர் சொல்ல விடக் கூடாது, அவர் குறைத்துத்தான் சொல்வார். பதிவுத் துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) பாருங்கள். சந்தை விலை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும், எனவே அதைத் தரைமட்டமாக வைத்துக்கொள்ளலாம். பிறகு அக்கம்பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) போட்டால், சமீபத்தில் பதிவான கிரயங்களின் கைமாற்றுத் தொகை தெரியும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் உள்ள பகுதியில் அதையும் அப்படியே நம்ப முடியாது. கடைசியாக, வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து தரும் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து மனை, கட்டடம் இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பு வாங்கிவிடுங்கள். கமிஷனோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது.

தரகர் தேவைப்படாத இடமும் உண்டு. நூறு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் ஒரே அளவு ஃபிளாட் என்றால் விலை எல்லோருக்கும் தெரியும், வாங்க ஆளும் அங்கேயே வாடகைக்கு இருப்பார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களிலும் போட்டால் போதும். பழைய தனி வீட்டுக்கு அது சரிப்படாது. மனை விலைக்காக வாங்குபவர், இடித்துக் கட்டுபவர், வாடகைக்கு விட நினைப்பவர் என்று ஆள் வேறு வேறு. அந்தந்த ஆளைத் தெரிந்துவைத்திருப்பவர் அந்தப் பகுதித் தரகர்தான்.

எந்த வழியில் விற்றாலும், விளம்பரத்துக்கு முன்பே காகிதங்களை அடுக்கிவிடுங்கள்: மூலப் பத்திரங்கள், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது. வீட்டுக் கடன் கட்டி முடித்திருந்தால், அடமானத்தை விடுவிக்கும் ரசீது ஆவணம் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் அடைத்த கையோடு இதை மறந்துவிடுபவர்கள் ஏராளம். அனுமதி வரைபடம் இல்லாவிட்டாலோ, அதை மீறி மாடி கட்டியிருந்தாலோ, வாங்குபவரின் வங்கி கடனைக் குறைக்கும் அல்லது மறுக்கும். பேசி முடித்த வியாபாரங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். எந்தத் தரகராலும் இதைச் சரிசெய்ய முடியாது, வழக்கறிஞர் பார்க்க வேண்டிய வேலை இது.

‘உங்கள் கைக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் கிடைப்பது எனக்கு, கமிஷனே வேண்டாம்’ என்கிறார் தரகர். ஒரு லட்சம் அட்வான்ஸ் தந்து ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் போடலாம் என்றும் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

வேண்டாம். இதில் அவர் தரகர் இல்லை, உங்கள் வீட்டை வாங்கி விற்கும் வியாபாரி. ஒரு லட்சத்தைப் போட்டு ஆறு மாதத்துக்கு உங்கள் சொத்தைக் கட்டிப்போடுகிறார். ஒப்பந்த வரைவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘தங்கள் பெயரிலோ அல்லது தாங்கள் காட்டும் நபர்கள் பெயரிலோ கிரயம் செய்து தருவேன்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் அவருக்குத் தேவை. உதாரணமாக, வெளியே 90 லட்சத்துக்குப் பேசிவிட்டு உங்களுக்கு 78 லட்சம் கொடுப்பார். பத்திரத்தில் என்ன தொகை போடுவது என்ற தகராறு அடுத்து வரும். 90 என்று பதிவானால், உங்கள் கைக்கு வராத 12 லட்சத்துக்கும் மூலதன ஆதாய வரி (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) பற்றிய கேள்வி உங்களிடம்தான் வரும்.

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து அவர் வாங்காமல் போனாலும், ரத்து ஆவணத்துக்கு அவர் கையெழுத்தும் தேவைப்படும். அதற்கு ஒரு விலை கேட்பார்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்றால், அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள், காலத்தை 60 நாளாகக் குறையுங்கள், அட்வான்ஸைப் பத்து சதவீதமாக உயர்த்தச் சொல்லுங்கள். உண்மையில் வாங்குபவர் இதற்குச் சம்மதிப்பார்.

அட்வான்ஸ் வாங்கிய அன்றே பாதிக் கமிஷன் கேட்கிறார்கள். கொடுப்பது முறையா?
– ஒரு வாசகர், மதுரை

பல இடங்களில் வழக்கம்தான், ஆனால் விற்பவருக்குப் பாதகம். அட்வான்ஸுக்கும் பத்திரப் பதிவுக்கும் நடுவில் வாங்குபவரின் வங்கிக் கடன் மறுக்கப்படலாம், லீகல் ஒப்பீனியனில் (பத்திரங்களைப் பார்த்து வழக்கறிஞர் தரும் கருத்து) சிக்கல் வரலாம். வியாபாரம் உடைந்தபின் பாதிக் கமிஷனைத் திருப்பி வாங்குவது கடினம். கிரயம் பதிவாகி, முழுத் தொகையும் உங்கள் கணக்கில் ஏறிய பிறகுதான் கமிஷன் என்று முதலிலேயே பேசுங்கள். தரகர் பிடிவாதமாக இருந்தால் கால் பங்கு கொடுத்து, உடைந்தால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு பக்கக் கடிதம் போதும். எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மீது, ஜிஎஸ்டி உட்படவா இல்லையா, எந்த நாளில், எத்தனை நாளுக்கு இந்த ஏற்பாடு, உடன் வரும் தரகர்களின் பங்கை யார் கொடுப்பது. கடைசி விஷயம் முக்கியம். பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் அறிமுகமே இல்லாத மூன்று பேர் பங்கு கேட்டு நிற்பதைத் தடுப்பது அந்த ஒரு வரிதான்.

இன்னொன்று: வீட்டுக்கான அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம், அதுவும் வாங்கிய உங்கள் மீதே.

தரகர் அழைத்து வந்தவர் இரண்டு மாதம் கழித்து நேரடியாக வந்து, ‘கமிஷன் இல்லாமல் நாமே முடிப்போம்’ என்கிறார். முடிக்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

ஆளைக் கொண்டுவந்தது தரகர்தான் என்றால் கமிஷன் அவருக்குச் சேர வேண்டியது. வியாபாரம் முடியத் தரகரே காரணம் என்று நிறுவ முடிந்தால், பதிவு நாளில் அவர் அங்கே இல்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. ‘பேச்சுவார்த்தையை நாங்களே முடித்தோம்’ என்று சொல்லிக் குறைத்துக் கேட்பது நியாயம், அறவே கொடுக்காமல் விடுவது நியாயமில்லை.

இரண்டு தரகர்கள் ஒரே ஆளைச் சொந்தம் கொண்டாடினால், முதலில் வீட்டைக் காட்டியவருக்கு என்று வையுங்கள். யார், யாரை, எந்தத் தேதியில் அழைத்து வந்தார் என்பதை அன்றன்றே வாட்ஸ்அப்பில் அந்தத் தரகருக்கே அனுப்பிவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேரிடம் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு விலை சொல்லி, வீடு விலைபோகாமல் கிடக்கிறது என்ற பேச்சு பரவிவிடும். இருவர் போதும்.

கமிஷனை வருமான வரியில் கழிக்க முடியுமா?
– ஒரு வாசகி, சேலம்

முடியும். விற்பனைக்காக மட்டுமே செய்த செலவு என்பதால் விற்ற தொகையிலிருந்து கழித்த பிறகே மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை 12.5 சதவீத வரியில் விற்றால், 1,60,000 கமிஷனுக்கு 20,000 ரூபாய் வரி குறையும். கமிஷனைக் கணக்கு வழியாகக் கொடுத்து, தரகரின் பெயர், முகவரி, பான் எண்ணுடன் ரசீது வாங்கியிருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் கழித்தால், கேள்வி வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

நான் துபாயில் இருக்கிறேன். தஞ்சாவூர் வீட்டை விற்கத் தரகருக்கே பவர் (என் சார்பில் கையெழுத்திட்டு விற்கும் அதிகாரம்) கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், துபாய்

தரகருக்குக் கமிஷன் கொடுங்கள், பவர் கொடுக்காதீர்கள். விலை பேசுபவரும் கையெழுத்திட்டுப் பணம் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நம்பிக்கையான உறவினருக்கு, இந்த ஒரு சொத்துக்கு மட்டும் பவர் கொடுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவர் ஆவணம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். உங்களுக்கு வரிப் பிடித்தமும் (வாங்குபவர் விலையிலிருந்து முன்பே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) உள்ளூர்க்காரருக்கு உள்ள 1 சதவீதம் இல்லை, பல மடங்கு அதிகம். ஒப்பந்தம் போடும் முன்பே குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித் துறையில் விண்ணப்பித்துவிடுங்கள்.