அழுகைக்கு நான்கு காரணங்கள்: கதை எழுதுவோர் கேள்வி பதில்

கோத்தகிரியில் கதை எழுதுகிறவர்கள் ஒரு ஞாயிறு மாலை கூடியபோது எழுந்த கேள்விகளும், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அளித்த பதில்களும் இவை. எல்லோருடைய கையெழுத்துப் பிரதிகளையும் அவர் முன்னதாகவே படித்துவிட்டு வந்திருந்தார்.

குன்னூர், வங்கி ஊழியர்: டீச்சர், அம்மா இறக்கும் காட்சியை எழுதும்போது நானே அழுதுவிட்டேன். படித்தவர்களோ "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஏன் அப்படி?

பதில்: நீங்கள் உங்கள் அம்மாவை நினைத்து அழுதீர்கள். அவர்களுக்கு அந்த அம்மாவைத் தெரியாது. மூன்றாம் பக்கத்தில் கட்டிலோடு அறிமுகமாகி, ஐந்தாம் பக்கத்தில் இறந்துபோகிறவரிடம் யாருக்கு ஒட்டுதல் வரும்?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பற்றிய பகுதியை, தேர்வுக்குப் படித்து மறந்திருப்பீர்கள். மறுபடி எடுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. அவை ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நந்நான்கு. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றில். அதாவது பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது, இல்லாமை. இழவு இந்த நான்கில் ஒன்றுதான். நீங்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஆனால் உங்கள் கதையிலேயே ஒரு வரி இருக்கிறது. கொழுந்து பறிப்பதில் பெயர் வாங்கிய அம்மா, கை நடுங்கத் தொடங்கிய பிறகு, எடை போடும் இடத்தில் எல்லோரும் போகும்வரை ஒதுங்கி நின்று தன் கூடையைக் கடைசியாக வைக்கிறார். அசைவும் இளிவும் சேர்ந்து நிற்கும் இடம் அது. அதை இரண்டு பக்கமாக விரியுங்கள். மரணத்துக்கு ஒரு வாக்கியம் போதும். "துக்கம் தொண்டையை அடைத்தது" என்பதை நானே அடித்துவிட்டேன்; கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி: கதை முடிவதற்குள் கதாபாத்திரம் மாறியாக வேண்டும் என்கிறார்கள். என் கதையில் கஞ்சத் தகப்பன் கடைசியில் வாரி வழங்குகிறான். நம்பும்படி இல்லை என்கிறாள் மனைவி.

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. மாற்றம் என்றால் ஆளையே மாற்றிவைப்பது என்று எண்ணிவிட்டீர்கள்.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். புகார்க் காண்டத்தில் கண்ணகி பேசுவது மிகக் குறைவு. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் குளங்களில் நீராடிக் காமன் கோயிலைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்ல, "பீடு அன்று" என்று மறுத்துவிடுகிறாள். அது தனக்குப் பெருமையல்ல என்கிறாள், அவ்வளவுதான். உடனேயே கோவலன் வந்து நிற்கிறான். பொருள் தொலைத்த வெட்கத்தைச் சொல்கிறான். இவள் "சிலம்பு உள கொண்ம்" என்கிறாள். மதுரையில் இதே பெண் "தேரா மன்னா" என்று அரசனை விளிக்கும்போது பலருக்கு வேறு யாரோ போலத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பெருமைக்கு ஒவ்வாததைச் செய்யமாட்டேன் என்ற பிடிவாதம் புகாரிலேயே இருக்கிறது. அங்கே கடவுளிடம்கூடக் கேட்காமல் நிற்கிறாள். கணவனின் பெயர் களங்கப்பட்ட பிறகு அரசனிடமே போய்க் கேட்கிறாள். குணம் அதுவே, அது பாயும் திசை மாறுகிறது. அதற்கு அவள் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும்.

உங்கள் தகப்பனும் கடைசிவரை கஞ்சனாகவே இருக்கட்டும். பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் மருந்தை நிறுத்திச் சேமிக்கிறான் என்று வையுங்கள். அதுவும் கஞ்சத்தனம்தான். வாசகர் அங்கே நெகிழ்வார், உங்கள் மனைவியும் ஒப்புக்கொள்வார்.

கூடலூர், ஆசிரியை: இலங்கையிலிருந்து வந்த தாத்தாவைப் பற்றி எழுதுகிறேன். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றே நம்பி வாழ்ந்தவர். அந்த நம்பிக்கை உடைவதை எங்கே வைப்பது?

பதில்: இப்போது கடைசிப் பத்தியில் வைத்திருக்கிறீர்கள்; ஒரே இரவில் உடைந்துவிடுகிறது. அத்தனை வருட நம்பிக்கை அப்படி உடையாது. அவர் மறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்க மறுக்கிறார். வீட்டு வாசலில் மரக்கன்று நட மறுக்கிறார். பேத்தியைப் பள்ளியில் சேர்க்கும்போது மட்டும் மறுக்க முடியவில்லை, சொந்த ஊர் என்ற இடத்தில் கூடலூர் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். அன்றைக்கே பாதி போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இன்னொன்றை விட வேண்டும்.

இன்னொன்று. தாத்தாவின் வாயில் "1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி" என்று, மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த ஒப்பந்தத்தின் பெயரோடு வசனம் வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் வகுப்பறை. அவருக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏறியதும், மண்டபம் முகாமில் வரிசையில் நின்றதும், லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், விட்டுவந்த நாயும்தான் நினைவிருக்கும். ஒப்பந்தத்தைக் கதைசொல்லி ஒரு வரியில் சொல்லட்டும்.

உதகை, கல்லூரி மாணவர்: சோகத்தைக் காட்ட மூடுபனியைப் பயன்படுத்தினேன். பழையது என்கிறார்கள்.

பதில்: தம்பி, இந்த மாதம் வந்த கதைகளில் பனி இல்லாதது ஒன்றுகூட இல்லை. குறிஞ்சிப்பூவும் அப்படித்தான், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதை நம் எழுத்தாளர்கள் வாரம் ஒருமுறை பூக்க வைக்கிறார்கள்.

பனியை விட வேண்டாம். அதைப் பார்ப்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள். கல்லட்டி இறக்கத்தில் லாரி ஓட்டுகிறவருக்கு அது பயம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் தேயிலை கருகும், தோட்டக்காரருக்கு அது கடன். காதலியைப் பார்க்கத் தயங்கி நிற்கும் உங்கள் நாயகனுக்கு ஒளிந்துகொள்ள வசதி. அவன் அதற்குள் நின்று என்ன செய்கிறான் என்று எழுதினால் சோகம் என்ற சொல்லே வேண்டியிருக்காது. சங்கக் கவிதையில் கருப்பொருள், அதாவது அந்த நிலத்துப் பூவும் விலங்கும் மற்றவையும், சும்மா அழகுக்கு நிற்பதில்லை. உரிப்பொருளுக்கு, அதாவது பாட்டின் உணர்வுக்கு, வேலை செய்கிறது.

அரவேணு, பெயர் வேண்டாம் என்றவர்: நாயகியின் சிறுவயதுக் காயத்தை எந்த இடத்தில் சொல்வது?

பதில்: இவள் ஏன் இப்படி நடந்துகொள்கிறாள் என்று வாசகர் கேட்ட பிறகு. முதல் பக்கத்தில் சொன்னால் அது மருத்துவச் சீட்டு.

குன்னூர், இல்லத்தரசி: நிலத்தை ஏமாற்றி எழுதிக்கொண்ட அண்ணனைத் தங்கை மன்னிப்பதாக முடித்திருக்கிறேன். மன்னிக்காவிட்டால் கதை கசந்துவிடாதா?

பதில்: கசக்கட்டுமே. உங்கள் கதையில் அண்ணன் அழுகிறான், இவள் கண்ணைத் துடைக்கிறாள், முடிந்தது. மன்னிப்பதால் அவளுக்கு என்ன குறைந்தது? ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் மகளின் திருமணத்துக்குப் போகிறாள், சீர் வைக்கிறாள், ஆனால் சாப்பிடாமல் முதல் பஸ்ஸில் திரும்பிவிடுகிறாள் என்றால்? மன்னித்தாளா இல்லையா என்று உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் வையுங்கள்: அப்பாவின் கடனை அடைத்தது அவன்தான் என்று. அடுத்த மாதம் அந்தத் திருமணக் காட்சியை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். கண்ணீர் வேண்டாம், பந்தியைக் காட்டுங்கள்.